ரிசீவர் வழியா, டிவி வழியா? ஹோம் தியேட்டர் இணைப்பை எப்படி முடிவு செய்வது

ஹோம் தியேட்டர் ரிசீவரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் வரிசை வரிசையாகத் துளைகள். அவற்றில் பெரும்பாலானவை கடைசி வரை காலியாகவே கிடக்கும். ஒரு வீட்டுக்குத் தேவைப்படுவது ஐந்தாறு இணைப்புகள்தான். ஆனால் அந்த ஐந்தாறை எங்கே செருகுகிறோம் என்பதைப் பொறுத்து, அதே டிவியும் அதே ஸ்பீக்கர்களும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். நல்ல ப்ளூ-ரே டிஸ்க்கைப் போட்டுவிட்டு, அதன் ஒலி பாதி வழியிலேயே இரண்டு சேனலாகச் சுருங்கிப்போவது தெரியாமல் வருடக்கணக்கில் படம் பார்ப்பவர்கள் உண்டு. ஸ்பீக்கர் சரியில்லை என்று நினைப்பார்கள். சரியில்லாதது கேபிள் போன வழி.

முடிவு செய்ய வேண்டியது இதுதான். டிஸ்க் பிளேயர், கேம் கன்சோல், செட்-டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் பெட்டி எல்லாவற்றையும் ரிசீவரில் செருகி, படத்தை அங்கிருந்து டிவிக்கு அனுப்புவதா? இல்லை, எல்லாவற்றையும் டிவியில் செருகி, ஒலியை மட்டும் ரிசீவருக்குத் திருப்பி அனுப்புவதா? முதல் வழிதான் முறையானது என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள். ஒரு காலத்தில் அது சரிதான். இன்று உங்கள் ரிசீவரின் வயதைக் கேட்காமல் அப்படிச் சொல்லிவிட முடியாது.

ஒரு ரிசீவருக்குள் உண்மையில் இரண்டு சாதனங்கள் இருக்கின்றன. ஒன்று, ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர். இன்னொன்று, எச்டிஎம்ஐ (படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கடத்தும் இணைப்பு) சிக்னலை வாங்கிப் பிரித்து அனுப்பும் போர்டு. ஆம்ப்ளிஃபயருக்கு வயதாவது மெதுவாகத்தான். நன்றாகச் செய்யப்பட்ட ஒன்று பதினைந்து வருடம் கழித்தும் அன்று வாங்கியது போலவே பாடும். போர்டின் கதை வேறு. எச்டிஎம்ஐ 2002 இறுதியில் வந்தது. 2009-ல் 1.4, 2013-ல் 2.0, 2017-ல் 2.1 என்று மாறிக்கொண்டே போனது. 2.0 நொடிக்கு 18 ஜிகாபிட் கடத்தும், 2.1 கடத்துவது 48 வரை. ஆக, பழைய ரிசீவர் திணறுவது படத்தில்தான், ஒலியில் அல்ல. ஒலிக்காக வாங்கிய பெட்டியைப் படம் கடத்தவில்லை என்பதற்காகத் தூக்கிப் போடுவது எனக்கு மனசு ஒப்பாத விஷயம். அதற்குத் தேவையும் பெரும்பாலும் இருப்பதில்லை. கேபிள் போகும் வழியை மாற்றினாலே போதும்.

எல்லாம் ரிசீவர் வழியாக

ரிசீவர் புதியதாக இருந்தால், அல்லது டிவிக்குப் பதில் புரொஜெக்டர் வைத்திருந்தால், இதுதான் நல்ல வழி. புரொஜெக்டர் கூரையில் தொங்கும். அதற்கு ஒரு கேபிள் இழுப்பதே பெரிய வேலை. ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதியும் பெரும்பாலான புரொஜெக்டர்களில் கிடையாது. எனவே எல்லாம் ரிசீவருக்கு வந்து, அங்கிருந்து ஒரே ஒரு கேபிள் மேலே போவதுதான் ஒழுங்கு.

இந்த வழியின் பெரிய பலம், ஒலி டிவியைத் தொடுவதே இல்லை என்பது. ப்ளூ-ரே டிஸ்க்கில் இருக்கும் டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் எதையும் இழக்காத வகை. ட்ரூஹெச்டி உச்சத்தில் நொடிக்கு 18 மெகாபிட் வரை போகும். டிடிஎஸ் அதையும் தாண்டி 24.5 வரை. பிளேயரிலிருந்து நேராக ரிசீவருக்குப் போனால் இவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நடுவில் டிவி இருந்தால் அது எதைக் கடத்தும், எதைக் கடத்தாது என்று பார்க்க வேண்டியிருக்கும்.

இனி பலவீனம். எச்டிஎம்ஐயில் ஒவ்வொரு சாதனமும் அடுத்ததிடம் “உனக்கு என்னவெல்லாம் தெரியும்?” என்று முதலில் கேட்கும். ரிசீவர் நடுவில் இருந்தால், டிவி சொல்லும் பதிலையும் தன் திறனையும் சேர்த்துத்தான் பிளேயருக்குச் சொல்லும். எச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதலாகக் காட்டும் பட முறை; டால்பி விஷன் அதன் மேம்பட்ட வகை. டிவிக்கு டால்பி விஷன் தெரியும், ரிசீவருக்குத் தெரியாது என்றால் பிளேயர் டால்பி விஷனை அனுப்பாது. சாதாரண எச்டிஆர்தான் வரும். 4கே டிஸ்க்குகளுக்கும் 4கே ஸ்ட்ரீமிங்குக்கும் எச்டிசிபி 2.2 என்ற காப்புரிமைப் பூட்டு வேண்டும். சங்கிலியில் ஒரே ஒரு பெட்டிக்கு அது தெரியாவிட்டாலும் படம் 1080-க்கு இறங்கிவிடும், அல்லது திரை கறுப்பாகவே நிற்கும். அந்த ஒரு பெட்டி பெரும்பாலும் பழைய ரிசீவர்தான்.

புது ரிசீவர் என்பதாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2020-ல் வெளிவந்த முதல் எச்டிஎம்ஐ 2.1 ரிசீவர்கள் சிலவற்றில் இருந்த சிப், சில சாதனங்களிலிருந்து நொடிக்கு 120 ஃபிரேம் 4கே படம் வந்தால் தடுமாறியது. அந்த வயதுள்ள ரிசீவரைப் பழையதாக வாங்குவதாக இருந்தால், கேம் கன்சோலை அதில் செருகிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்த வழியில் போகிறவர்கள் அடிக்கடி தவறவிடும் செட்டிங் ஒன்று உண்டு. பல ரிசீவர்களில் எச்டிஎம்ஐ நுழைவுகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது ‘ஸ்டாண்டர்ட்’ நிலையில் இருக்கும். அதை மெனுவில் ‘என்ஹான்ஸ்ட்’ என்றோ ‘8கே’ என்றோ மாற்றினால்தான் முழு வேகம் கிடைக்கும். டிவியிலும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் இப்படி ஒரு செட்டிங் இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் ஒன்றும் நடக்காது. 4கே எச்டிஆர் வரவில்லை என்று கேபிள் கேபிளாக மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

அப்புறம் தினசரி வசதி. எல்லாம் ரிசீவர் வழியாகப் போனால், செய்தி பார்க்கக்கூட ரிசீவரை எழுப்ப வேண்டும். ‘ஸ்டாண்ட்பை பாஸ்-த்ரூ’ என்ற வசதியைப் போட்டு வைத்தால் ரிசீவர் தூங்கும்போதும் படமும் ஒலியும் டிவிக்குப் போகும். கொஞ்சம் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். வீட்டில் பெரியவர்களோ சிறு பிள்ளைகளோ தனியாக டிவி போட்டுப் பார்ப்பார்கள் என்றால் இதை அவசியம் போட்டு வையுங்கள்.

எல்லாம் டிவி வழியாக, ஒலி இ-ஆர்க்கில்

ஆர்க், இ-ஆர்க் என்பவை டிவியின் ஒலியை அதே எச்டிஎம்ஐ கேபிளில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதிகள். டிவி புதியது, ரிசீவரும் இ-ஆர்க் வந்த பிறகு வாங்கியது என்றால் இந்த வழி மிகவும் சுகமானது. ஸ்ட்ரீமிங் ஆப்களை டிவியிலேயே பார்க்கும் வீட்டில் வேறு வழியும் இல்லை. ஒலி டிவிக்குள்தானே பிறக்கிறது.

எச்டிஎம்ஐ 1.4-ல் வந்தது ஆர்க், 2.1-ல் வந்தது இ-ஆர்க். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டுக்கும் தூரம் அதிகம். இ-ஆர்க் நொடிக்கு 37 மெகாபிட் ஒலியைக் கடத்தும். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று போட்டுப் பார்க்கலாம்: 8 சேனல், ஒவ்வொன்றிலும் நொடிக்கு 1,92,000 மாதிரிகள், ஒவ்வொரு மாதிரிக்கும் 24 பிட். பெருக்கினால் 3 கோடியே 68 லட்சத்துச் சொச்சம் பிட். அதாவது, எந்தச் சுருக்கமும் செய்யாத எட்டு சேனல் ஒலியையே அப்படியே கடத்தும். 18, 24.5 மெகாபிட் உச்சம் தொடும் ப்ளூ-ரே ஒலியெல்லாம் இதற்குள் தாராளமாக அடங்கிவிடும்.

எனவே கொள்கையளவில் இ-ஆர்க்கில் எதையும் இழக்க வேண்டியதில்லை. நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. தன் போர்ட்டில் வரும் டிடிஎஸ் ஒலியை ரிசீவருக்குக் கடத்தாத டிவிகள் இருக்கின்றன. இ-ஆர்க் இருந்தும் கடத்தாது. அது டிவி தயாரிப்பாளர் எடுத்த முடிவு. டிஸ்க் நிறைய வைத்திருப்பவருக்கு இது பெரிய இழப்பு. டிவி வாங்கும் முன் அந்த மாடலின் கையேட்டில் ‘டிடிஎஸ்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இன்னொன்று போர்ட் கணக்கு. நான்கு எச்டிஎம்ஐ போர்ட் உள்ள பல டிவிகளில் இரண்டுக்குத்தான் 2.1 வேகம் இருக்கும். அந்த இரண்டில் ஒன்றே இ-ஆர்க் போர்ட்டாகவும் இருப்பது உண்டு. அதை ரிசீவருக்குக் கொடுத்துவிட்டால் வேகமான போர்ட் ஒன்றுதான் மிச்சம். கேம் கன்சோல் ஒன்று, நல்ல கிராஃபிக்ஸ் கார்டுள்ள கணினி ஒன்று என்று இரண்டு வைத்திருப்பவர் இதை முதலிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இணைக்கும்போது கவனிக்க வேண்டிய இடம் ரிசீவர் பக்கம். டிவியில் ‘இ-ஆர்க்’ என்று எழுதியிருக்கும் போர்ட்டிலிருந்து வரும் கேபிள், ரிசீவரின் எச்டிஎம்ஐ வெளியீட்டில் போய்ச் சேர வேண்டும், நுழைவில் அல்ல. ஒலி உள்ளே வருகிறதே, அதனால் நுழைவுதானே என்று தோன்றும். அங்கே செருகினால் சத்தமே வராது. இரண்டு வெளியீடுகள் உள்ள ரிசீவரில் ‘ஆர்க்’ என்று எழுதிய வெளியீட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். ரிசீவர் மெனுவில் ஆர்க், சிஇசி (எச்டிஎம்ஐ வழியாகச் சாதனங்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் வசதி) இரண்டையும் இயக்கிவிடுங்கள். சில மாடல்களில் இவை அணைந்த நிலையிலேயே வரும். கடைசியாக, டிவியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் வெளியீட்டை ‘பாஸ்-த்ரூ’ என்றோ ‘ஆட்டோ’ என்றோ வையுங்கள். ‘பிசிஎம்’ (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று இருந்தால், பல டிவிகள் எல்லாவற்றையும் இரண்டு சேனலாக்கித்தான் அனுப்பும்.

உதட்டசைவும் பேச்சும் ஒட்டாமல் போகும் பிரச்சினைக்கு, தானாகச் சரிசெய்யும் ஏற்பாடு இ-ஆர்க்கில் இருக்கிறது. அதையும் மீறித் தள்ளிப்போனால், டிவியில் இருக்கும் தாமதத்தை முதலில் பூஜ்யமாக்கிவிட்டு ரிசீவரில் மட்டும் மில்லி நொடி மில்லி நொடியாகக் கூட்டுங்கள். இரண்டு இடத்திலும் திருகினால் முடிவே வராது.

பழைய ஆர்க்கும் ஆப்டிகலும் போதுமா?

நிறையப் பேருக்குப் போதும். இதைத் தயங்காமல் சொல்வேன். ஸ்ட்ரீமிங் படங்களில் வரும் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி முறை), பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கப்பட்ட வகையில் வருகிறது. அதன் அளவு சில நூறு கிலோபிட்தான். ட்ரூஹெச்டியின் பக்கத்திலேயே வராது. பெரும்பாலான டிவிகளில் சாதாரண ஆர்க்கே அதைக் கடத்திவிடும். வீட்டில் டிஸ்க் பிளேயரே இல்லை, பார்ப்பதெல்லாம் ஆப்களில்தான் என்றால், இ-ஆர்க்குக்காக ரிசீவரை மாற்றுவதில் கிடைக்கப்போவது மிகக் கொஞ்சம்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். சில ஸ்ட்ரீமிங் பெட்டிகளும் கேம் கன்சோல்களும் ஒலியைத் தாங்களே பிரித்து, சுருக்காத பல சேனல் பிசிஎம் வடிவில் அனுப்பும். பழைய ஆர்க் வழியில் அது அப்படியே போகாது. இரண்டு சேனலாகிவிடும், அல்லது டிவி அதை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பும். அந்தச் சாதனத்தின் மெனுவிலேயே ‘டால்பி டிஜிட்டல்’ என்று மாற்றிவிட்டால் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) திரும்ப வரும்.

ஆப்டிகல் இன்னும் ஒரு படி கீழே. 1983-ல் தோஷிபா கொண்டுவந்த இணைப்பு அது; இன்னும் பல டிவிகளின் பின்னால் சிவப்பாக மினுங்கிக்கொண்டு இருக்கிறது. இரண்டு சேனல் பிசிஎம், சாதாரண டால்பி டிஜிட்டல், சாதாரண டிடிஎஸ். அதற்கு மேல் போகாது. டால்பி டிஜிட்டல் பிளஸ்கூடப் போகாது, அதனால் அட்மாஸும் இல்லை. டால்பி டிஜிட்டலின் உச்சம் நொடிக்கு 640 கிலோபிட். ஆனாலும் 5.1 என்பது 5.1தான். ஆர்க் இல்லாத, ஆனால் அருமையாகப் பாடும் பழைய ரிசீவருக்கு இந்த ஒரு இழை புது வாழ்வு கொடுக்கும்.

ஆப்டிகலுக்கு என்றே ஒரு நற்குணம் உண்டு. அதில் போவது ஒளி, மின்சாரம் அல்ல. கேபிள் டிவி வயர் செருகியதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் கிளம்பும் வீடுகளில், ஒலி இணைப்பை ஆப்டிகலுக்கு மாற்றினால் இரைச்சல் நின்றுபோவதைக் கேட்கலாம். கோஆக்சியல் டிஜிட்டல் இணைப்பும் ஏறக்குறைய அதே ஒலிகளைத்தான் கடத்தும். ஆனால் அது செம்பு, இரைச்சலையும் கூடவே கடத்தும். தேர்வு இருந்தால் ஆப்டிகல் பக்கம் போங்கள். டிவி ரிமோட்டில் ரிசீவரின் வால்யூமைக் கூட்டிக் குறைக்கும் வசதி மட்டும் ஆப்டிகலில் கிடையாது.

கலந்து போடுவது

எல்லாம் இங்கே, அல்லது எல்லாம் அங்கே என்று ஒரே வழியில் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது கலவையைத்தான்: டிஸ்க் பிளேயர் ரிசீவருக்கு, கேம் கன்சோல் டிவிக்கு. டிஸ்க்கில் மதிப்பு ஒலியில் இருக்கிறது. அது நேராக ரிசீவருக்குப் போகட்டும். டிஸ்க் படத்துக்கு 18 ஜிகாபிட்டே போதும், அதனால் எச்டிசிபி 2.2 தெரிந்த 2.0 ரிசீவரும் தடையாக இருக்காது. கேமில் மதிப்பு வேகத்தில் இருக்கிறது. 4கே படம் நொடிக்கு 120 ஃபிரேம், மாறும் ரிஃப்ரெஷ் ரேட் எல்லாம் டிவிக்கு நேராகப் போனால்தான் கவலையில்லாமல் கிடைக்கும். கேமின் ஒலி இ-ஆர்க்கிலோ ஆர்க்கிலோ ரிசீவருக்குத் திரும்பட்டும். செட்-டாப் பாக்ஸை எதில் செருகினாலும் ஒன்றுதான்.

ரிசீவர் ரொம்பப் பழையது, 4கே கடத்தவே கடத்தாது, ஆனால் டிஸ்க்கின் முழு ஒலியும் வேண்டும். அப்போது என்ன செய்வது? இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடுகள் உள்ள 4கே ப்ளூ-ரே பிளேயர்கள் இதற்கென்றே இருக்கின்றன. ஒன்று படத்தை நேராக டிவிக்குக் கொண்டுபோகும். ‘ஆடியோ மட்டும்’ என்று எழுதிய இன்னொன்று ரிசீவருக்குப் போகும். ட்ரூஹெச்டியையும் டிடிஎஸ்-ஹெச்டியையும் அப்படியே அனுப்பும் வசதி எச்டிஎம்ஐ 1.3-லேயே, 2006-லேயே வந்துவிட்டது. ஆக, அந்தக் காலத்து ரிசீவர் இந்த ஒலிகளைப் பிரிக்கக்கூடியதாக இருந்தால், இன்றைய 4கே டிஸ்க்கின் ஒலியைக் குறைவில்லாமல் கொடுக்கும். ட்ரூஹெச்டிக்குள் இருக்கும் அட்மாஸின் உயரச் சேனல்கள் மட்டும் அதற்குப் புரியாது, 7.1 வரை முழுதாக வரும். ரிசீவரை மாற்றுவதற்குப் பதில் பிளேயரை யோசித்து வாங்குவது இந்த இடத்தில் எவ்வளவோ மேல். டிவியின் இ-ஆர்க் ஒலியை வாங்கி, பழைய ரிசீவரின் சாதாரண எச்டிஎம்ஐ நுழைவுக்கு மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டிகளும் கிடைக்கின்றன. இணைப்பில் இன்னொரு பெட்டி, இன்னொரு அடாப்டர் சேரும் என்பதைத் தவிர அதில் குறையில்லை.

டர்ன்டேபிளும் பழைய பெட்டிகளும்

இசைத்தட்டுக் கருவியைச் சாதாரண சிவப்பு-வெள்ளை நுழைவில் செருகிவிட்டு, சத்தம் முணுமுணுப்பாக, பாஸே இல்லாமல் வருகிறது என்று சொல்வார்கள். எம்எம் வகை முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். சிடி பிளேயரிலிருந்து வருவதோ சுமார் 2 வோல்ட். அதோடு, தட்டை வெட்டும்போதே பாஸைக் குறைத்து, கீச்சொலியைத் தூக்கித்தான் வெட்டுகிறார்கள். அதை நேராக்கும் வேலை ஃபோனோ நுழைவுக்குள் நடக்கிறது. எனவே ‘ஃபோனோ’ என்று எழுதியதில்தான் செருக வேண்டும். ரிசீவரில் அது இல்லையென்றால், தனியாக ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். டர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருந்தால் ஏதாவது ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டும் சேர்ந்தால் ஒலி கிழியும். கூட வரும் மெல்லிய எர்த் வயரை ரிசீவரின் பின்னால் உள்ள சிறு திருகில் மாட்ட மறக்காதீர்கள். அதை விட்டால் ஹம் வரும்.

மஞ்சள் பிளக் போடும் பழைய விசிஆர், பழைய கேம் பெட்டிகள் வைத்திருப்பவர் ஒன்று கவனிக்க வேண்டும். அனலாக் படத்தை எச்டிஎம்ஐக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையை எல்லா ரிசீவர்களும் செய்வதில்லை. மஞ்சள் நுழைவே இல்லாத புது ரிசீவர்களும் உண்டு. அவற்றைப் பொறுத்தவரை டிவியில் நேராகச் செருகுவதே நல்லது.

கேபிளும் சோதனையும்

கேபிளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். 18 ஜிகாபிட்டுக்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ சான்று, 48-க்கு ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ சான்று; உறையில் ஸ்கேன் செய்து பார்க்கும் லேபிள் இருக்கும். தங்க முலாமும் தடித்த உறையும் படத்தை மாற்றாது. நீளம்தான் மாற்றும். 48 ஜிகாபிட் சாதாரண செம்புக் கேபிளில் மூன்று மீட்டரைத் தாண்டினால் நம்பிக்கை குறையத் தொடங்கும். புரொஜெக்டருக்கு இழுக்கும் பத்து மீட்டருக்கு ஆக்டிவ் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு. எந்த முனை எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கும். சுவருக்குள் விட்டு மூடும் முன் படம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் காதை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு சேனல் ஒலியையே எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பரப்பிக் கொடுக்கும் திறமை ரிசீவருக்கு உண்டு. பின்னால் சத்தம் வருவதால் மட்டும் 5.1 வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ட்ரூஹெச்டி உள்ள டிஸ்க் ஒன்றை ஓட்டிவிட்டு, ரிமோட்டில் ‘இன்ஃபோ’ அழுத்தி உள்ளே வரும் சிக்னல் எது என்று பாருங்கள். ‘டால்பி ட்ரூஹெச்டி’ என்றோ ‘அட்மாஸ்’ என்றோ காட்டினால் வழி சரி. ‘பிசிஎம் 2 சேனல்’ என்று காட்டினால் டிவியின் ஒலி மெனுவையும் பிளேயரின் ஒலி மெனுவையும் பாருங்கள். வெறும் ‘டால்பி டிஜிட்டல்’ என்று காட்டினால், பிளேயரில் ‘செகண்டரி ஆடியோ’ அல்லது ‘பிடி ஆடியோ மிக்ஸ்’ என்ற பெயரில் ஒரு செட்டிங் பெரும்பாலும் இயங்கிக்கொண்டிருக்கும். மெனு கிளிக் சத்தத்தையும் வர்ணனையையும் படத்தின் ஒலியோடு கலப்பதற்காக, அது முழு ஒலியையும் பிரித்து மறுபடி சுருக்குகிறது. அதை அணைத்துவிட்டு டிஸ்க்கை மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.